கைப்பிடி இல்லாத நாற்காலி

சாமு,

நேற்று நீ ஆபீசில் இருக்கும்போது உன் புது வீல்சேர் வந்து இறங்கியது. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அட்டைப்பெட்டியைப் பிரித்து ஹாலின் நடுவில் நிறுத்தி, பெண் பார்க்கப் போன இடத்தில் பார்ப்பது போல இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். நல்ல நாற்காலிதான், குறை சொல்ல மாட்டேன். நீல நிறம். ஒரு கையால் தூக்கிவிடலாம் போல அவ்வளவு லேசு. நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்று, பார்க்காமலே இரண்டு கையையும் நீட்டினேன். கை காற்றைத்தான் பிடித்தது. வழவழவென்று ஒரு முதுகுச் சாய்வு இருந்தது, அதோடு சரி. கைப்பிடி இல்லை. "ஏங்க, பாதி சாமானை அனுப்பாம விட்டுட்டானுங்க, கடைக்கு போன் பண்ணுங்க" என்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "சாமுதான் கைப்பிடி வேணாம்னு சொல்லி ஆர்டர் குடுத்திருக்கான்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுமாவுக்கும் தெரிந்திருக்கும். பெட்டியைத் தூக்கிவந்த ஆளுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். இந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

வருகிற வியாழக்கிழமை உனக்கும் சுமாவுக்கும் கல்யாணம். நேரில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன். யோசனை அப்பாவுடையது. "எழுதிக் குடுத்துடு. எழுதும்போதாவது நடுவுல மூச்சு விடுவே" என்றார். இத்தனை வருடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வராதா என்ன. கல்யாணத்துக்கு முன் தாய் எழுதுவது என்றால் வாழ்த்தும் வேத வசனமும் இரண்டு சொட்டுக் கண்ணீரும் இருக்கும் என்று எதிர்பார்ப்பாய். வாழ்த்து இருக்கிறது, பிறகு வரும். முதலில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சுமாவைப் பார்த்துப் பொறாமை. அந்த ஏரிக்கரைப் பாதையைப் பார்த்துப் பொறாமை. நேற்றிலிருந்து இந்த நீல நாற்காலியைப் பார்த்தும். வயிற்றெரிச்சல் என்பது சும்மா ஒரு பேச்சு என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது. மோர் குடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை.

உனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்து கொஞ்சம் வளரும்வரை உன்னை இடுப்பில்தான் சுமந்தேன். அதற்கப்புறம் அந்தப் பழைய இரும்பு நாற்காலி வந்தது. லிங்கராஜபுரத்துத் தெருவில் அதைத் தள்ளுவது தேரிழுப்பதற்குச் சமம். நம் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை சாக்கடை மோரியின் மேல் போட்டிருந்த கற்பலகைகளில் எது ஆடும், எது உடைந்திருக்கிறது, எந்த இரண்டு கல்லுக்கு நடுவில் முன்சக்கரம் மாட்டும் என்று எனக்கு மனப்பாடம். "பள்ளம்" என்பேன், நீ முதுகைச் சாய்த்துக்கொள்வாய். "மேடு" என்பேன், பின்னால் இருக்கும் கம்பியை நான் காலால் மிதிக்க, முன்சக்கரம் எழும்பும். ரயில்வே கேட்டில் நாற்காலியைத் திருப்பி, உன்னைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டுவேன். உதவி செய்ய வந்தவர்கள் எத்தனையோ பேர். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனாலும் வேறொருவர் கை அந்தக் கைப்பிடியில் பட்டால் எனக்குப் பிடிக்காது. அப்பா தள்ளினால்கூடப் பின்னாலேயே போய்க் குற்றம் சொல்வேன். அதில் நியாயமும் உண்டு. அவர் ரோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தள்ளுவார். நீ கம்ப்யூட்டரில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, "இது அம்மாகிட்ட கத்துக்கிட்ட தொழில்டா" என்று அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

தள்ளுவது மட்டும் என் வேலை இல்லை. நீ போக வேண்டிய இடத்துக்கெல்லாம் முந்தின நாளே போய்ப் பார்த்துவருவதும் நான்தான். பல் டாக்டர் வீட்டில் படி உண்டா, உறவுக்காரர் கல்யாண மண்டபத்தில் பின்வாசல் உண்டா, காக்ஸ் டவுனில் டைப்ரைட்டிங் சொல்லித்தரும் இடம் கீழேயா மாடியிலா, எல்லாம் பார்த்துவந்து உனக்குச் சொல்வேன். பத்தாவதுப் பரீட்சைக்கு உனக்கு மாடியில் இடம் போட்டிருந்தார்கள். முந்தின நாளே போய்ச் சண்டை போட்டு, உன் பெஞ்சைக் கீழே இறக்கிவைத்துவிட்டுத்தான் வந்தேன். உன் காலுக்கு முன்னால் என் கண் போகும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். யார் கேட்டார்களோ இல்லையோ, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அந்தப் பத்தாவது வருடம்தான், தொண்ணூற்றொன்றின் கடைசியில், காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊர் கொதித்தது. தெருவில் தமிழில் வாய் திறக்கப் பயந்த நாட்கள். மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மா வாசலில் வந்து நின்று, "ரோடல்லி மாதாட்பேடி டீச்சரே, சும்னே ஹோகி பன்னி" என்று கெஞ்சுவது போலச் சொல்லிவிட்டுப் போனார். பேசாமல் போய்வா என்றால் பள்ளத்துக்கு என்ன செய்வது? கன்னடத்தில் கூப்பிடலாம் என்றால், ஆம்பூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவளுக்கு அவசரத்தில் அந்தப் பேச்சு நாக்குக்கு வராது. அப்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியதுதான் அந்தத் தட்டல். வலது தோளில் தட்டினால் பள்ளம். இடது தோளில் தட்டினால் மேடு. இரண்டு தோளிலும் சேர்த்துத் தட்டினால், கெட்டியாகப் பிடித்துக்கொள். ஊர் அடங்கி எல்லாரும் பழையபடி பேச ஆரம்பித்த பிறகும் நாம் தட்டலை விடவில்லை. அப்பாவுக்குக்கூட அது தெரியாது. நமக்கென்று ஒரு பாஷை இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் ஏரியின் கேட்டில் மாடும் ஸ்கூட்டரும் நுழையக் கூடாது என்று இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். ஆள் ஒருக்களித்து நுழையலாம், நாற்காலி நுழையாது. சுற்றுச்சுவரில் ஓரிடத்தில் கல் பெயர்ந்து ஒரு ஓட்டை இருந்தது. உட்கார்ந்த உன் கண்ணுக்குச் சரியான உயரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன். வேகவைத்த கடலைக்காயை உரித்துக் கொடுப்பேன், நீ தின்றுகொண்டே தண்ணீரையும் நாரையையும் பார்ப்பாய். ஒருநாள், "அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தா இந்த ஓட்டை தெரியுமாம்மா?" என்று கேட்டாய். "தெரியாம என்ன, கடலத்தோலு குவிஞ்சிருக்கும், அதை வச்சே கண்டுபிடிக்கலாம்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, பின்னால் நின்று கேட்டேன். நாற்காலி தள்ளுகிறவளுக்குக் கிடைப்பது உச்சந்தலை மட்டும்தான். உன் தலையில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பார்கள். ஒருத்தி வருவதையே என்னால் தாங்க முடியவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டே, "ஏரியைச் சுத்திப் புதுசா பாதை போட்டிருக்காங்கம்மா. கேட்டை எடுத்துட்டாங்களாம். முழு ரவுண்டும் படியே இல்லையாம்" என்றாய். யார் சொன்னது என்றேன். "ஆபீஸ்ல சுமான்னு ஒரு பொண்ணு. எனக்காகப் போய் முழுசா நடந்து பார்த்துட்டு வந்து சொன்னா" என்றாய். எனக்காக என்ற வார்த்தையை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். உன் காலுக்கு முன்னால் இன்னொருத்தியின் கண் போய்விட்டு வந்திருக்கிறது. ஹாசன் பக்கத்துப் பெண், நம்மைப் போலவே சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நல்ல படிப்பு என்று நீ மேலே சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. அதே இரவு அப்பாவிடம், "படி இல்லைன்னா சறுக்கும், அவளுக்கு என்ன தெரியும்" என்று புலம்பினேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மறுநாள் நீயும் நானும் சுமாவுமாக மூன்று பேர் போனோம். அந்தப் பாதையைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாசலில் அகலமான சரிவு, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. உள்ளே இரண்டு நாற்காலி பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலத்துக்குச் சிவப்புக் கல் பாவியிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் என் கொண்டை ஊசிகூட நுழையாது. தூங்குமூஞ்சி மரத்தின் வேர் வந்த இடத்தில்கூடப் பாதையை வளைத்துக் கொண்டுபோயிருந்தார்களே தவிர, மேடாக விடவில்லை. யார் போட்டார்களோ, அவர்கள் கை நன்றாக இருக்கட்டும். நான் தள்ளிக்கொண்டு போனேன். பள்ளம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மேடும் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தேனே தவிர, என் கைக்கு அங்கே வேலை இல்லை. நீயே சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாய். நான் உன் வேகத்துக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தேன். அப்போதுதான் புரிந்தது, அது சந்தோஷம் இல்லை.

சுமா உன் பின்னால் வரவில்லை, பக்கத்தில் நடந்தாள். எனக்கு முதலில் அதுவே பொறுக்கவில்லை. பக்கத்தில் நடப்பவளுக்கு முகம் கிடைக்கிறது. நீங்கள் பாதியைக் கன்னடத்திலும் மீதியை இங்கிலீஷிலும் பேசிக்கொண்டு போனீர்கள். ஓரிடத்தில் நீ நிறுத்தி, சுவரில் வேறு நிறமாகத் தெரிந்த சிமெண்ட் பூச்சைக் காட்டினாய். நம் ஓட்டை! அடைத்துவிட்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவளிடம் கடலைத்தோல் கதையைச் சொல்லி முடித்துவிட்டாய். அவள் கீழே குனிந்து நிஜமாகவே தோல் கிடக்கிறதா என்று தேடினாள், நீ சிரித்தாய். கொஞ்ச தூரம் போனதும் அவள் கையை நீட்டி உன் வலது தோளில் தட்டினாள். பள்ளமே இல்லாத பாதையில், விளையாட்டுக்கு. நீ உடனே முதுகைச் சாய்த்து நடித்தாய். அப்பாவுக்குக்கூடச் சொல்லாத பாஷையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்! ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தும் எனக்கு நாக்கு வறண்டது.

அந்தப் பக்கத்துக் கரையில் பாதை கொஞ்சம் உயர்ந்து போய், நீளமான சரிவாக இறங்குகிறது இல்லையா. சரிவின் அடியில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி, அதற்கப்பால் தண்ணீர். மேலே வந்து நிற்கும்போதுதான் என் செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். "நான் ஹிட்கோத்தீனி ஆன்ட்டி, கொடுங்க" என்று சுமா கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். நீ அவளிடம், "விட்டுடு, நானே போறேன்" என்கிறாய். அவள் விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கை தளர்வது எனக்குத் தெரிந்தது. ஒரு கையில் செருப்போடு, "பிடி! பிடி!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

சாமு, நாற்காலி போன வேகத்தை நீ உள்ளே உட்கார்ந்து பார்த்தாய், நான் வெளியே நின்று பார்த்தேன். என் உயிர் அதற்கு முன்னாலேயே ஓடி அந்தக் கம்பியில் போய் நின்றது. நீ உள்ளங்கையைச் சக்கரத்தில் அழுத்தி, வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, மரத்தடியில் போய் நின்றாய். அப்புறம் நாற்காலியைத் திருப்பினாய். சரிவில் நீயாகவே ஏறி என்னை நோக்கி வர ஆரம்பித்தாய். மூச்சு வாங்குகிறது, முகம் சிவந்திருக்கிறது, கண் பளபளவென்று இருக்கிறது. நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கிறது. உன்னைப் பெற்றவளுக்கு, ஏறும்போது நீ நாக்கைத் துருத்துவாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் உன் முகத்தையே பார்ப்பதைக் கவனித்து சுமா மெதுவாக, "யாவாகலூ ஹாகே, ஆன்ட்டி" என்றாள். எப்போதும் அப்படித்தானாம். அவளுக்கு எப்போதும். எனக்கு முதல் தடவை.

அந்த யாவாகலூவுக்குத்தான் நான் வெடித்தேன், நீ நினைத்ததுபோல நாற்காலியை விட்டதற்கு மட்டும் இல்லை. "உன்னை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஒப்படைக்க மாட்டேன். பிடின்னா விடறவ நீ!" என்று கத்தினேன். வாக்கிங் வந்த குல்லாய்க்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் சிரிப்பு அணைந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நீ, "அம்மா, அது வந்து" என்று ஆரம்பித்தாய். அவள் உன்னைப் பார்த்து, "பேடா" என்றாள், வேண்டாம் என்று தலையையும் ஆட்டினாள். இரண்டு பேரும் கூடிக்கொண்டு எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஏறியது. கொஞ்ச நாளில் அவளைக் கட்டிக்கொள்ளப் போவதாக நீ சொன்னபோது, அவர்கள் வீட்டிலிருந்து நிச்சயம் பேச வருவதாக இருந்ததை வேண்டாம் என்று தடுத்தேன். மழைக்காலம் முழுவதும் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோ பிடித்துத் தனியாக ஏரிக்குப் போய்வந்தாய். வந்ததும் நனைந்த உன் கைகளைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீயும் கெஞ்சவில்லை. என் சம்மதம் இல்லாமல் செய்துகொள்ளவும் மாட்டேன் என்றாய். கெஞ்சியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் திடீரென்று ஒருநாள் காலையில், "அவங்க வீட்டுல வரச்சொல்லு" என்றேன். "என்னம்மா, மனசு எப்படி மாறுச்சு?" என்று கேட்டாய். அப்பா சொன்னார் என்று சொல்லிவைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது ஒரு காய்கறிக்காரி. முந்தின நாள் மார்க்கெட்டில் தக்காளியும் தேங்காயுமாகப் பை கனத்துப்போய், ஆட்டோவில் ஏற்ற முடியாமல் நின்றேன். அவள் ஓடிவந்து பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, "பிடி அம்மா, நான் ஹாக்தீனி" என்றாள். அவளே ஏற்றிவிடுகிறாளாம். நான் பிடித்தேன். "பிடி, பிடி" என்றாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பையின் காது அறுந்து, தக்காளி எல்லாம் ரோட்டில் உருண்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பிடி அந்த்ரே ஹிட்கோத்தீரல்லா!" என்றாள். விடுங்க என்றால் பிடிச்சுக்கிறீங்களே. உருண்டு போகிற தக்காளியைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். ஆட்டோக்காரர்தான் பொறுக்கிக் கொடுத்தார்.

நமக்குப் பிடி என்றால் பிடித்துக்கொள். அவர்கள் முதல் எழுத்தை மெத்தென்று சொல்லும் பிடிக்கு அர்த்தம் விட்டுவிடுங்கள். அதுவும் மரியாதையாக. எனக்குத் தெரியாத வார்த்தையா அது? பஸ்ஸிலும் கடையிலும் தினமும் காதில் விழுவது, நானே எத்தனையோ தடவை சொல்வது. ஆனால் அவசரம் வந்தால் என் காதுக்கும் வாய்க்கும் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போய்விடுகிறது. பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள், "டீச்சர், இது எந்த ப?" என்று. நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே ப தானே. "இடம் பார்த்துப் படி" என்பேன். ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் சரிவின் மேல் நின்றுகொண்டு இடம் பார்க்கவில்லை. அவசரத்தில் சேர்த்துக் கத்தினால் இரண்டாவது ப மெத்தென்றுதான் விழும். அந்தப் பெண் உன்னை விடலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் விடு என்றேன், அதுவும் மரியாதையாக, இரண்டு தடவை. அதற்குத்தான் அப்படிச் சிரித்திருக்கிறாள். ஆன்ட்டி தன்னை மதித்துப் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உடைத்தது நான், பழி அவள் தலையில். நான் கத்தியபோதே அவளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாக்கிங்காரர்கள் முன்னால் என் மானம் போயிருக்கும். சொல்லவில்லை, உன்னையும் சொல்லவிடவில்லை. இதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று நீ எழுதிக்கொள்ளாதே. பொறாமை கூடித்தான் போயிருக்கிறது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவள் நல்லவளாக இருந்துகொண்டு என் வாயையும் அடைத்துவிட்டாள். அவளிடம் நான் இதுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. பேசவும் வராது. இந்தக் கடிதத்தை நீயே அவளுக்குப் படித்துக் காட்டு. இந்தப் பத்தியைக் கொஞ்சம் மெதுவாகப் படி.

புத்தி சொல்லாமல் தாய்க் கடிதம் முடியுமா? அவள் கோபப்பட்டால், எந்தப் பாஷையில் கோபப்படுகிறாள் என்று முதலில் பார். உன் காதில் விழுந்தது உன் பாஷையாக இருக்கலாம், அவள் சொன்னது அவள் பாஷையாக இருக்கலாம். ஒரே வீட்டில் நானும் அப்பாவும் தமிழிலேயே பேசி இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் புரியாமல் இருக்கிறோம், நீங்கள் இரண்டு பாஷையை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறீர்களோ. என் ரசத்தைப் பற்றி அங்கே பேசாதே. மழையில் சக்கர விளிம்பு வழுக்கும், கையுறை போட்டுக்கொள். மடியில் கனமான பையை வைத்துக்கொண்டு சரிவில் இறங்காதே. ஹோசூர் ரோட்டுப் பக்கம் நீங்கள் பார்த்திருக்கும் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். உனக்குத் தெரியாது. பஸ் மாறி மாறிப் போனேன். வாசலில் சரிவு சரியாக இருக்கிறது, லிஃப்ட் கதவு அகலம். குளியலறைக் கதவுதான் கொஞ்சம் குறுகல். அங்கே இருந்த வாட்ச்மேனிடம் கேட்டேன், "நீலக் கலர் சூடிதார்ல ஒரு அம்மா வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க, கதவை மாத்தச் சொல்லியிருக்காங்க" என்றார். அங்கேயும் எனக்கு முன்னால் அவள். ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வியாழக்கிழமைக்கு என்று எடுத்த பட்டுப்புடவையில் முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க எப்படிப் பின் குத்துவது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தேன். சர்ச் நடுவில் உன்னைத் தள்ளிக்கொண்டு போகப்போவது நான்தான் என்று யாரையும் கேட்காமலே முடிவு செய்திருந்தேன். நேற்று நாற்காலியின் பின்னால் கையை நீட்டியதே அதற்காகத்தான், உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. இனிமேல் அந்தப் பின் வேண்டாம். முந்தானையைத் தழையத் தழைய விட்டுக் கட்டப் போகிறேன். சின்ன வயதில் கட்டியது, அப்புறம் கட்டவே முடியாமல் போனது.

சர்ச் வாசல் படிக்குப் பலகைச் சரிவு செய்து போட்டாயிற்று. நீயே ஏறி வருகிறேன் என்று பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாயாம், அதுவும் அப்பா சொல்லித்தான் தெரியும். வா. நான் உன் பின்னால் வர மாட்டேன். முன்னாலேயே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். எல்லாரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் வாசல் பக்கம் திரும்பி உட்காருவேன். சபையார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். இத்தனை வருடம் உன் சுழியைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் நான். நீ அந்த நீல நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, நாக்கு நுனியைத் துருத்திக்கொண்டு, என்னை நோக்கி வர வேண்டும். அந்த முகத்தைச் சுமா எப்போதும் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைக்கு ஒரு தடவை முதலில் நான் பார்ப்பேன். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். வாழ்த்து பிறகு வரும் என்று சொன்னேனே, இதுதான்.

பலகை ஏறும்போது பழக்க தோஷத்தில் நான் வாய் தவறிக் கத்தினாலும் கத்திவிடுவேன். முதல் பெஞ்சிலிருந்து "பிடி" என்று என் குரல் கேட்டால், இரண்டு பேரும் அதைக் கன்னடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா